காலுறைத் தறியும் கத்திக் கொல்லர் மகனும்



'அறிவொளிக் காலத் தத்துவ அறிஞர்களும் தொழில்நுட்பமும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒரு மாலைக்குள் அடங்குகிற தலைப்பில்லை இது. வோல்தேர், கான்ட், கொந்தோர்சே, ஆதம் ஸ்மித் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போனால் மணி எட்டாகிவிடும். ஒருவரையும் உருப்படியாகப் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே அமைப்பாளர்கள் பொறுத்தருள வேண்டும். நான் ஒரே ஓர் ஆளையும், அவர் வாய்பிளந்து வியந்த ஒரே ஓர் எந்திரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஆள், தெனி திதரோ. எந்திரம், காலுறை பின்னும் தறி.

திதரோ 1713-இல் வடகிழக்கு பிரான்சில் லாங்ர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கத்திக் கொல்லர். அறுவை மருத்துவர்களுக்கான கத்திகளுக்கு அவருடைய பட்டறை பேர்போனது. பிள்ளையைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை. பிள்ளையோ பாரிசுக்குப் போய்ப் படித்துவிட்டு, சமயமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம் என்று எழுத்தை நம்பி இறங்கினார். கணக்குச் சொல்லிக்கொடுத்தும் ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தும் காலத்தை ஓட்டினார். கைத்தொழில் வீட்டுப் பிள்ளை என்பது அந்தக் காலத் தத்துவ அறிஞர்களிடையே அதிசயம் ஒன்றுமில்லை. ரூசோவின் அப்பா கடிகாரம் செய்தவர், கான்ட்டின் அப்பா சேணம் தைத்தவர். ஆனால் அப்பாவின் பட்டறையைத் தத்துவத்தின் நடுக்கூடத்துக்கே அழைத்து வந்தவர் என்றால், என் கணக்கில், திதரோதான்.

அந்த வாய்ப்பு ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக வந்தது. சேம்பர்ஸ் என்பவர் 1728-இல் லண்டனில் வெளியிட்ட இரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பிரெஞ்சில் கொண்டுவர லெ பிரெத்தோன் என்ற பாரிஸ் பதிப்பாளர் நினைத்தார். பொறுப்பு சிலர் கைமாறி, 1747-இல் திதரோவிடமும் கணித அறிஞர் தாலம்பேரிடமும் வந்து சேர்ந்தது. திதரோ கை வைத்தபின் அது மொழிபெயர்ப்பாக நிற்கவில்லை. 1751-இல் முதல் தொகுதி, 1772-இல் கடைசித் தொகுதி. எழுத்துக்கு 17 தொகுதிகள், படங்களுக்கு 11 தொகுதிகள், ஏறத்தாழ 72,000 கட்டுரைகள். இடையில் 1752-இல் ஒரு தடை. 1759-இல் அரச உரிமமே ரத்து. தாலம்பேர் சலித்துப்போய் விலகினார். 1764-இல் பதிப்பாளரே திதரோவுக்குத் தெரியாமல் கட்டுரைகளை வெட்டியிருந்தது அம்பலமானது. இந்தப் பாடுகளைக் கருத்துரிமை பற்றிப் பேசுகிற இன்னொரு கூட்டத்துக்கு விட்டுவிடுவோம். இன்று நமக்கு வேண்டியது அதன் தலைப்புப் பக்கம் மட்டும். அறிவியல்கள், கலைகள், கைத்தொழில்கள் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து அச்சடித்திருந்தார்கள். அரசனின் நாட்டில், கல்விக்கழகங்களின் நாட்டில், அது சின்ன விஷயம் இல்லை.

முதல் தொகுதியில் 'கலை' என்ற கட்டுரையைத் திதரோவே எழுதினார். மூளையால் செய்யும் கலை உயர்ந்தது, கையால் செய்யும் கலை தாழ்ந்தது என்ற பாகுபாட்டை அதில் நேராகவே தாக்குகிறார். இந்தப் பாகுபாட்டால் நகரங்களில் வெறும் வாதக்காரர்களும் நாட்டுப்புறத்தில் சோம்பேறிக் குட்டிக் கொடுங்கோலர்களும்தான் பெருகினார்கள் என்பது அவர் வழக்கு. நாம் இன்பமாக இருக்கிறோம் என்று நம்மை நம்பவைப்பவர்களைப் புகழ்கிறோம், உண்மையில் நம்மை இன்பமாக வைத்திருப்பவர்களை மறந்துவிடுகிறோம் என்று குத்திக் காட்டுகிறார். படித்தவர்கள் பட்டறைக்குப் போக வேண்டும் என்கிறார்.

சொன்னதோடு நிற்கவில்லை. கைவினைஞர்களிடம் போனோம், கேள்வி கேட்டோம், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம், எழுதியதை அவர்களிடமே திரும்பக் காட்டினோம் என்று கலைக்களஞ்சியத்தின் முன்னறிவிப்பில் எழுதுகிறார். இங்கே அவர் கைவினைஞரை வெறுமனே தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆயிரம் பேரில் ஒரு பன்னிரண்டு பேர்தான் தங்கள் கருவியைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவர்கள் என்கிறார். நாற்பது வருடம் ஒரு எந்திரத்தில் வேலை செய்தும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியாதவர்களைப் பார்த்தேன் என்கிறார். சாக்ரட்டீஸ் தன்னை மருத்துவச்சி என்று சொல்லிக்கொண்டதைப் போல, அந்த வேலையைத் தான் பட்டறையில் செய்ய வேண்டியிருந்தது என்பது அவருடைய எண்ணம். அறிவு கையில் இருக்கிறது, வாய்க்கு வர மறுக்கிறது.

இனி அந்த எந்திரத்துக்கு வருவோம். கையால் காலுறை பின்னுகிறவர் ஒரு சமயத்தில் ஒரு வளையம்தான் போட முடியும். 1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு முழு வரிசை வளையத்தையும் ஒரே வீச்சில் போடும் தறியைக் கண்டுபிடித்தார். அதன் உள்ளே ஊசிகள் பக்கம் பக்கமாக வரிசையாக நிற்கும். ஒவ்வொரு ஊசியின் நுனியும் கொக்கிபோல் பின்னோக்கி வளைந்திருக்கும். நூலை ஊசிகளின் குறுக்கே நீட்டியதும், ஊசிக்கு ஊசி நடுவே மெல்லிய தகடுகள் இறங்கி நூலை வளையம் வளையமாக மடிக்கும். பிறகு ஓர் அழுத்துசட்டம் வந்து கொக்கிகளின் வாயையெல்லாம் ஒரே நேரத்தில் மூடும். வாய் மூடிய கொக்கியின் மேலாக முந்தைய வரிசையின் வளையங்கள் வழுக்கி, புதிய வளையங்களைத் தாண்டி விழும். ஒரு வரிசை முடிந்தது. திருப்பூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் நிட்டிங் மெஷினில் ஊசியும் சிங்க்கர் தகடும் இன்றும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இந்தத் தறியைப் பற்றிய கட்டுரையை, 'காலுறை' என்ற தலைப்பில், திதரோ எழுதினார். எழுதுவதற்கு முன் தறியை அக்கக்காகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பாரா என்ற தொழிலாளி அவர் கண்முன்னே பலமுறை கழற்றி, பலமுறை பூட்டிக் காட்டினார். கழற்றுவதில் ஒரு சங்கடம்: எந்த உறுப்பும் தனித்து நிற்பதில்லை. ஒன்றைப் பேசினால் இன்னொன்றைப் பேசியாக வேண்டும். முழுதும் தெரியாமல் பகுதி விளங்காது, பகுதி தெரியாமல் முழுதும் விளங்காது. இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிய திதரோ ஒரு முடிவுக்கு வந்தார். தறி முழுவதும் நீண்ட ஒரே தருக்கம். ஒவ்வொரு உறுப்பும் அதில் ஒரு படி. கடைசியில் வந்து விழும் காலுறைதான் அந்தத் தருக்கத்தின் முடிவு என்றார்.

நான் இன்று சொல்ல வந்த விஷயம் முழுக்க இதற்குள் இருக்கிறது. எந்திரத்தைப் பார்த்து வேகத்தையும் இலாபத்தையும் வியந்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். திதரோ அதற்குள் சிந்தனையைப் பார்த்தார். அதனால் அவருக்குத் தொழில்நுட்பம் என்பது முன்னேற்றத்தின் பரிசாகத் தோன்றவில்லை, அறிவின் ஒரு வடிவமாகத் தோன்றியது. அறிவு என்றால் அது திறந்திருக்க வேண்டும். பூட்டி வைத்த அறிவு பாதி செத்த அறிவு என்பது அவர் நிலைப்பாடு.

பூட்டு அன்று எல்லாப் பக்கமும் இருந்தது. பாரிஸின் கைத்தொழில் குழுமங்கள் தங்கள் நுட்பங்களைத் தலைமுறை தலைமுறையாக மறைத்து வைத்திருந்தன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மறைமொழி. ஒரே உளிக்குத் தச்சரிடம் ஒரு பெயர், சிற்பியிடம் வேறு பெயர். 1755-இல் வந்த ஐந்தாம் தொகுதியில் 'கலைக்களஞ்சியம்' என்ற தலைப்பிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதிய திதரோ, இந்த இரகசியக்காரர்களை விடாமல் சாடுகிறார். எல்லாவற்றையும் அச்சடித்தால் அந்நிய நாட்டான் கற்றுக்கொண்டுவிடுவானே என்று அங்கலாய்த்தவர்களையும் விடவில்லை. அவர்கள் பார்வை குறுகியது, மனிதகுலம் ஒரு நாட்டைவிடப் பெரியது என்றார். பிற்பாடு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணமும் இருக்கிறது. முன்னேற்றம் நேர்கோட்டில் போகும் என்று அவர் நம்பவில்லை. 1750-இல் இளைஞர் துர்கோ சோர்போன் பல்கலைக்கழகத்தில் மனித மனத்தின் தொடர் வளர்ச்சி பற்றி உரையாற்றினார். அவருடைய சீடர் கொந்தோர்சே, 1793-94-இல் தலைமறைவாக இருந்தபோதுகூட மனிதன் மேம்படுவதற்கு எல்லையே இல்லை என்று எழுதி வைத்தார். திதரோவுக்கு அந்தத் துணிவு கிடையாது. பெரிய அழிவு ஒன்று வந்து உலகின் ஒரு பகுதி மறுபடி இருட்டில் விழலாம் என்று எதிர்பார்த்தார். அப்போது மிஞ்சியவர்கள் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க இந்தத் தொகுதிகள் உதவ வேண்டும் என்பதே அவர் கணக்கு. அலெக்சாந்திரிய நூலகம் எரிந்தபோது இப்படி ஒரு நூல் மட்டும் தப்பியிருந்தால் மற்ற இழப்புகளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்கிறார். முன்னேற்றத்தை நம்பியவர் என்று அவரை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அழிவை எதிர்பார்த்து விதைநெல் சேர்த்தவர் என்பது இன்னும் பொருத்தம்.

ஆனால் ஆரூடம் அவருக்குக் கைவராத கலை. 1754-இல், கணிதம் இனி வளர இடமில்லை, நூறு ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்று பெரிய கணித அறிஞர்கூடத் தேறமாட்டார்கள் என்று எழுதினார். அப்போது லப்லாஸ் ஐந்து வயதுப் பிள்ளை. காஸ் 1777-இல் பிறந்தார். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த ஆள் இப்படிச் சொன்னது கொஞ்சம் சிரிப்புத்தான்.

தொழில்நுட்பத்திலும் அதே கதை. நியூகோமன் வகை நீராவிப் பம்பைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் விரிவான விளக்கம் உண்டு. ஆனால் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் கருவி என்ற அளவில்தான் அது வருகிறது. படத் தொகுதிகள் அச்சாகிக்கொண்டிருந்த அதே 1769-இல் ஜேம்ஸ் வாட் தனது நீராவி எந்திரத் திருத்தத்துக்கும் ஆர்க்ரைட் நீராற்றல் நூற்பு எந்திரத்துக்கும் காப்புரிமை பெற்றார்கள். 1771-இல் கிராம்ஃபர்டில் ஆர்க்ரைட்டின் நூற்பாலை எழத் தொடங்கியது. தொழில்நுட்பத்துக்கென்று உலகம் கண்ட பெரும் நூல், தொழிற்புரட்சி கதவைத் தட்டிய நேரத்தில் முடிந்தது. தட்டிய சத்தம் அதன் பக்கங்களில் கேட்காது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பாருங்கள். மேல்பாதியில் பட்டறை, கீழ்ப்பாதியில் கருவிகள் பிரித்துப் பிரித்து. கூசியே என்ற ஓவியர் மட்டும் 900-க்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பட்டறைகளில் புகை இல்லை, அழுக்கு இல்லை, இருமல் இல்லை. தொழிலாளியின் முகத்தில் வேர்வை இல்லை. அறிவியல் கழகத்துக்காக ரெயோமூர் திரட்டி வைத்திருந்த பழைய படங்களிலிருந்து எடுத்தார்கள் என்று 1759-இல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதில் உண்மை இருந்தது. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம் என்பதைக் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் வாங்க வேண்டும்.

இப்போது ரூசோ. 1749-இல் 'பார்வையற்றோர் பற்றிய கடிதம்' என்ற நூலுக்காகத் திதரோவை வன்சேன் கோட்டையில் அடைத்திருந்தார்கள். நண்பரைப் பார்க்கப் பாரிசிலிருந்து நடந்தே போய்க்கொண்டிருந்த ரூசோ, வழியில் ஒரு பத்திரிகையில் திஜோன் கழகத்தின் கட்டுரைப் போட்டியைக் கண்டார். அறிவியலும் கலைகளும் மீண்டெழுந்தது ஒழுக்கத்தைத் தூய்மையாக்கியதா என்பது கேள்வி. இல்லை, கெடுத்தது என்று எழுதி 1750-இல் பரிசும் வாங்கினார். அந்தப் பக்கம் எழுது என்று தூண்டியவர் சிறையிலிருந்த திதரோதான் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஐந்து வருடம் கழித்து ரூசோ இன்னும் ஆழமாகப் போனார். இரும்பும் கோதுமையும்தான் மனிதனை நாகரிகமாக்கின, அவையேதான் மனித இனத்தைக் கெடுத்தன என்றார். இரும்பு அடிப்பவனுக்கு உழுபவன் சோறு போட வேண்டும். அங்கே சொத்து வருகிறது, ஏற்றத்தாழ்வு வருகிறது என்பது அவர் வாதம்.

திதரோ கேட்டது, இந்த நுட்பம் யாருக்குத் தெரியும் என்று. ரூசோ கேட்டது, இதனால் யாருக்கு என்ன ஆகும் என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் இன்றுவரை நம்மிடம் நடக்கும் குழப்பம்.

குண்டூசியை எடுத்துக்கொள்ளுங்கள். கலைக்களஞ்சியத்தின் ஐந்தாம் தொகுதியில் ஒரு குண்டூசி பதினெட்டு வேலைகளைக் கடந்து வருவதாக எழுதியிருக்கிறது. இருபது ஆண்டு கழித்து, 1776-இல், ஆதம் ஸ்மித் தன் நூலின் முதல் அத்தியாயத்தில் அதே பதினெட்டைக் கொண்டு வேலைப்பிரிவினையை விளக்குகிறார்: பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 48,000 ஊசி. இந்த அத்தியாயத்தைப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. அதே ஸ்மித், அதே நூலின் ஐந்தாம் பகுதியில், ஓரிரு எளிய அசைவுகளையே ஆயுள் முழுக்கச் செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும், அரசு அவனுக்குக் கல்வி தர வேண்டும் என்று எழுதியதைச் சொல்வதில்லை. பாரா தறி முழுவதையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ஊசியின் தலையை மட்டும் நாள் முழுக்கப் பொருத்துகிறவரிடம் திதரோ போயிருந்தால் எதைக் கேட்டு எழுதியிருப்பார்?

இன்னும் கசப்பான ஒன்று. திதரோ தருக்கம் என்று கொண்டாடிய அதே காலுறைத் தறியை, 1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் தொழிலாளர்கள் சம்மட்டியால் உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். எந்திரம் புரியாத முரடர்கள் என்ற அர்த்தத்தில் இன்றும் அந்தப் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம். இது அநியாயம். அந்தத் தறியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யாரும் கிடையாது. தலைமுறைகளாக அதில் உட்கார்ந்தவர்கள். தறி முதலாளியுடையது, அதற்கு வாடகை கட்டியாக வேண்டும். கூலி இறங்கிக்கொண்டே போனது. அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்த மட்டமான காலுறைகள் சந்தையைக் கெடுத்தன. சரியான விலை கொடுத்தவரின் தறியை விட்டுவிட்டு மற்றதை உடைத்த ஊர்களும் உண்டு. 1812-இல் தறி உடைப்பவருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது. அறிவு முழுக்க அவர்களிடம் இருந்தது. அது அவர்கள் வயிற்றைக் காக்கவில்லை.

அந்நிய நாட்டான் கற்றுக்கொள்ளட்டுமே என்று திதரோ சொன்ன இடத்துக்குத் திரும்பி வருகிறேன் என்றேன். அதைச் சோழமண்டலக் கரையில் நின்று கேட்டுப் பார்ப்போம். நம் கரையிலிருந்து போன வண்ணந்தீட்டிய பருத்தித் துணிகளுக்கு பிரான்சில் அத்தனை கிராக்கி. உள்ளூர் பட்டு, கம்பளி வணிகர்கள் கூக்குரலிட்டதால் 1686-இல் அவற்றுக்குத் தடை வந்தது, 1759-இல்தான் நீங்கியது. தடை அமலில் இருந்தபோதே, 1742-இல், கேர்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் இங்கிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துணிக்கு வண்ணந்தீட்டும் முறை முழுவதும் அதில் படிப்படியாக இருக்கிறது. துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பது. கறுப்புக்கு இரும்புக் கரைசல். சிவப்புக்குப் படிகாரம் பூசிச் சாயவேரில் கொதிக்கவைப்பது. நீலம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசுவது. கடிதம் பாரிசில் அச்சேறியது. தடை நீங்கிய மறு ஆண்டே, 1760-இல், வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுத்துணி ஆலையைத் தொடங்கினார். அவர் இந்த ஒரு கடிதத்தால்தான் பிழைத்தார் என்று சொல்ல வரவில்லை. மார்செய் நகருக்கு அர்மீனியர்கள் வழியாக இந்த வித்தை முன்பே வந்திருந்தது. நான் சொல்வது வேறு. திறந்துவிட்ட அறிவு ஒரு பக்கமாகவே ஓடியது. கப்பலும் முதலும் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கம் ஓடியது.

வயதான திதரோ இதைக் காணாமல் இல்லை. ரெய்னால் பெயரில் வந்த 'இரு இந்தியாக்களின் வரலாறு' நூலுக்கு அவர் எழுதிக் கொடுத்த பகுதிகளில் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகளையும் குடியேற்றக்காரர்களையும் கிழித்துத் தொங்கவிடுகிறார். 1781-இல் பாரிசில் அந்த நூலை எரித்தார்கள். பட்டறைகளைத் திறந்துவிட்டால் போதும், மனிதகுலம் பகிர்ந்துகொள்ளும் என்று 1755-இல் நம்பியவர், பகிர்வதற்கு முன்னால் பறிப்பு நடக்கிறது என்பதைக் கடைசிக் காலத்தில் எழுதிவிட்டுத்தான் 1784-இல் கண்ணை மூடினார். என் மதிப்பீட்டில் அவரைப் பெரிய மனிதராக்குவது இந்த இரண்டாவது திதரோதான். ஆனால் முதலாமவர் இல்லாமல் இவர் இல்லை. நுட்பத்தைப் பூட்டி வைப்பதற்கு நியாயம் கற்பிக்க இந்தப் பேச்சை யாரும் பயன்படுத்திவிடக்கூடாது. காலுறைத் தொழிலாளிகள் தோற்றது அறிவு திறந்திருந்ததால் இல்லை. தறி அவர்களுடையதாக இல்லாததால்.

ஒரே ஒரு வேண்டுகோள், முக்கியமாக மாணவர்களுக்கு. நீங்கள் தறிக்காரர்களிடமும் தச்சர்களிடமும் வார்ப்புக்காரர்களிடமும் போய்க் காணொளி எடுக்கிறீர்கள், ஆய்வேடு எழுதுகிறீர்கள். நல்ல காரியம், திதரோ செய்த காரியம். கேர்தூவின் கடிதத்தில் கடுக்காயும் சாயவேரும் நம் பெயர்களோடேயே பிரெஞ்சு எழுத்தில் போயிருக்கின்றன. அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்த துணி ஓவியர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. உங்கள் ஏட்டில் சொல்லிக்கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏட்டின் ஒரு படியை அவர் கையில் கொடுங்கள். தறியைக் கழற்றிக் காட்டிய பாராவின் பெயரை, வெல்வெட் தறியை ஓட்டிக் காட்டிய பொன்னே, லொரான் என்ற பட்டுத் தொழிலாளிகளின் பெயர்களோடு, கலைக்களஞ்சியம் 1751-இலேயே தன் முதல் தொகுதியின் முன்னுரையில் அச்சடித்துவிட்டது.